காணாமற்போன பிள்ளையை எண்ணி வாழும் பெற்றோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அருகிலுள்ள வத்தளைப் பக்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், திரும்பி வராத ஒரு பிள்ளையின் பெயர் இன்றும் அன்றாடம் உச்சரிக்கப்படுகிறது. சிலருடைய பிள்ளை கொழும்பிலேயே வெள்ளை நிற வான் வண்டியில் கடத்திச் செல்லப்பட்டவர். சிலருடைய பிள்ளை வன்னியில் 2009 இல், போரின் இறுதிக் கட்டத்தில் காணாமற்போனவர். தேடலுக்காகவே தலைநகருக்கு வந்த பெற்றோர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களும் அவர்களுடைய உறவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

இறந்த பிள்ளைக்காகத் துயரப்படுவதும் காணாமற்போன பிள்ளைக்காகத் துயரப்படுவதும் ஒன்றுதானே?

இல்லை. மரணம் நிகழ்ந்த வீட்டில் செய்வதற்கென்று கடமைகள் இருக்கின்றன. வாய்க்கரிசி போடுகிறோம், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்கிறோம், ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம். சனம் வந்து கூடி அழுகிறது, அயலவர் சமைத்துக் கொண்டுவருகிறார்கள், வேலைத்தளம் விடுப்புத் தருகிறது. பிள்ளை காணாமற்போன வீட்டில் இவற்றுள் ஒன்றுகூட நடப்பதில்லை. முதல் சில வாரங்கள் ஓடி ஓடி விசாரிக்கும் உறவினர் பிறகு தத்தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அம்மாவும் அப்பாவும் மட்டும் அதே நாளில் நிற்கிறார்கள்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானப்படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, இத்தகைய துயரத்துக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். ஆள் கண்முன்னே இல்லை, ஆனால் மனதில் முழுமையாக இருக்கிறார். இருக்கிறாரா இல்லையா என்று சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. ஆகவே துயரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதே பெற்றோருக்குத் தெரிவதில்லை.

இதில் வெளியாருக்கு எளிதில் விளங்காத ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வலிக்கிறது. பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று நம்பினால், அந்தப் பிள்ளை இப்போது எந்த அறையில், எவருடைய கையில், பசியோடு இருக்கிறதோ என்ற எண்ணம் உடனே வந்துவிடும். இல்லை என்று ஒரு கணம் நினைத்தாலோ, தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டது போன்ற குற்றவுணர்வு அம்மாவைப் பிடித்துக்கொள்ளும். காலையில் ஒன்றையும் இரவில் மற்றதையும் நம்பி, ஒவ்வொரு நாளும் இந்த இரண்டுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பதுதான் அவர்களைக் களைப்படையச் செய்கிறது.

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அம்மாவின் துயரம் ஆறவில்லை. இது மனநோயா?

காரணம் அம்மாவின் மனத்தில் இல்லை, வெளியே இருக்கிறது. பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லாமல் இருக்கிறார்கள். கேள்வி மூடப்படாதவரை துயரமும் மூடப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துயரக் கோளாறு என்று ஒரு பிரிவு இன்று இருக்கிறது. இறப்புக்குப் பின் ஆறு மாதத்துக்கு மேல், அந்தப் பண்பாட்டில் எதிர்பார்க்கப்படும் அளவையும் கடந்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும் துயரத்தை அது குறிக்கிறது. ஆனால் அந்த வரைவிலக்கணம் ஓர் இறப்பிலிருந்து தொடங்குகிறது. இறப்பா இல்லையா என்றே தெரியாத தாயின் காத்திருப்பை அந்த அளவுகோலால் அளப்பது பொருந்தாது என்பதே என் கருத்து.

காத்திருப்பு நோயல்ல என்பதால் அம்மாவுக்கு நோய் எதுவும் வராது என்று எண்ணிவிடவும் கூடாது. ஆண்டுக்கணக்கான தூக்கமின்மை, உயர் இரத்த அழுத்தம், கட்டுப்பாட்டை மீறிய நீரிழிவு, மருந்தையே மறந்துவிடும் அளவுக்கு மனச்சோர்வு ஆகியவை இந்தப் பெற்றோரிடம் அடிக்கடி காணப்படுகின்றன. இவற்றுக்கு மருத்துவம் உண்டு, மருத்துவம் செய்யவும் வேண்டும். வைத்தியரிடம் போகும்போது பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலையிடிக்கு மட்டும் குளிசை எழுதப்படும்.

"இனி வரமாட்டான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று நாங்கள் சொல்வது அவருக்கு நன்மையா?

நன்மையில்லை. நீங்கள் அன்பினால் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆதாரம் எதுவும் கையில் இல்லாமல் ஒரு பிள்ளையின் மரணத்தை அறிவிக்கும் உரிமை மாமாவுக்கும் இல்லை, மாமிக்கும் இல்லை, ஆலோசகருக்கும் இல்லை. அப்படிச் சொல்பவரிடம் அம்மா அதன்பின் வாய் திறக்கமாட்டார், அவ்வளவுதான் நடக்கும். "கட்டாயம் வருவான்" என்று உறுதி கூறுவதும் அதே அளவுக்குத் தவறு. அடுத்த தைப்பொங்கலுக்கும் அவன் வராதபோது அந்த உறுதியின் பாரத்தையும் அம்மாவே சுமக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவன் குழப்படி செய்த கதைகளைக் கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்த கதைகளைச் சொல்லுங்கள். பிறந்தநாளையும் கொண்டுபோன நாளையும் நினைவில் வைத்திருந்து அன்றைக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுங்கள். "அவன் வரக்கூடும், வராமலும் இருக்கக்கூடும், இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே நாங்கள் சாப்பிடுவோம், மருந்து எடுப்போம், தங்கச்சியின் கலியாணத்தை நடத்துவோம்" என்ற நிலைக்கு ஒரு குடும்பம் மெல்ல வந்து சேரலாம். பொஸ் பரிந்துரைப்பதும் ஏறத்தாழ இதுவே: எந்தப் பக்கத்தையும் தெரிவு செய்யும்படி வற்புறுத்தாமல், இரண்டு உண்மைகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழப் பழகுவது.

அம்மா வீடு மாற மறுக்கிறார், பழைய தொலைபேசி இலக்கத்தையும் விட மறுக்கிறார். என்ன செய்வது?

அவர் மறுப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு: பிள்ளைக்குத் தெரிந்த விலாசமும் இலக்கமும் அவை மட்டுமே. வாடகை ஏறி வீடு மாறித்தான் ஆக வேண்டும் என்றால், புதிய விலாசத்தை வீட்டுக்காரரிடமும் முன்வீட்டாரிடமும் ஒழுங்கையின் முடக்கிலுள்ள கடைக்காரரிடமும் எழுதிக் கொடுங்கள். முறைப்பாடு கொடுத்த அலுவலகங்கள் அனைத்துக்கும் கடிதம் மூலம் அறிவியுங்கள். இலக்கத்தை எப்பாடுபட்டாவது தக்கவையுங்கள். இவற்றை அம்மாவையும் கூட்டிக்கொண்டுபோய் அவர் முன்னிலையிலேயே செய்தால், அவர் இடம் மாறச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். அவனுடைய உடுப்புகளை அவருக்குத் தெரியாமல் எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அப்பா இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவருக்குத் துயரம் இல்லையா?

இருக்கிறது. ஊர்வலங்களிலும் படங்களிலும் அம்மாக்களையே பார்த்துப் பழகியதால் அப்பாக்களை நாம் மறந்துவிடுகிறோம். "நான்தானே அன்றைக்கு அவனைக் கடைக்கு அனுப்பினேன்", "நான்தானே கொழும்பில் படிக்கட்டும் என்றேன்" என்ற எண்ணத்தை ஆண்டுக்கணக்காக உள்ளே அடக்கி வைத்திருக்கும் தகப்பன்மார் பலர். பேச வற்புறுத்துவதைவிட, கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, அலுவலகங்களுக்குப் போய்வருவது போன்ற வேலைகளில் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்; அப்படிப் போகும் பேருந்தில் அவர் பேசத் தொடங்கலாம். குடி கூடினாலோ எவரோடும் சேராமல் ஒதுங்கினாலோ அது மருத்துவ உதவிக்கான நேரம்.

வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது?

அவர்கள் இரண்டு முறை இழக்கிறார்கள்: அண்ணாவையும், அண்ணாவையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மாவையும். தாங்கள் சிரித்தால் அம்மாவுக்கு நோகும் என்று சிரிக்காமலே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணாவின் வயதைத் தாங்கள் தாண்டிய ஆண்டில் காரணம் தெரியாமல் கலங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள். பெற்றோருக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அந்தப் பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு, பிறந்தநாள், காதல், வேலை எல்லாவற்றுக்கும் வீட்டில் இடம் கொடுங்கள். அவர்களுடைய மகிழ்ச்சியால் காணாமற்போன பிள்ளைக்கு எந்தத் துரோகமும் நேராது.

திதி கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் பிள்ளையின் ஆத்மா அலையும் என்கிறார்களே?

மிகக் கடினமான கேள்வி இது. பெற்றோரைத் தவிர வேறு எவரும் இதற்கு முடிவு சொல்லக்கூடாது. வைதிக மரபில், பன்னிரண்டு ஆண்டுகள் செய்தி எதுவும் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்தும் வழக்கம் உண்டு. ஆனால் அது கட்டாயமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன என்று சொல்லித் தாயை நெருக்குவது கொடுமை. சிலர் அந்தக் கிரியையைச் செய்து ஆறுதல் அடைந்திருக்கிறார்கள். சிலர் செய்த மறுநாளே தாங்க முடியாத குற்றவுணர்வில் விழுந்திருக்கிறார்கள். இறந்தவருக்கான கிரியையைச் செய்யாமலே பிள்ளையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யலாம், பிறந்தநாளில் அன்னதானம் கொடுக்கலாம். இவை உயிரோடு இருப்பவருக்கும் பொருந்துபவை. கத்தோலிக்கக் குடும்பங்களும் உயிரோடிருக்கும் ஒருவருக்காகவே திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். முஸ்லிம் பெற்றோர் துஆக் கேட்கலாம்.

தொலைந்ததைக் கண்டடையத் துணைபுரிபவர் என்று போற்றப்படும் புனித அந்தோனியாரின் கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சமயம் பாராமல் தாய்மார் வருகிறார்கள். முகத்துவாரம் காளி கோவிலுக்கும் இந்தத் துயரத்தில் ஒரு வரலாறு உண்டு. தெற்கில் 1980களின் இறுதியில் நடந்த கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் 1992 இல் அங்கே வந்து, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைத் தலைவிரி கோலமாகச் சாபமிட்டார்கள். நீதிமன்றம் கேட்காததைத் தெய்வத்திடம் முறையிடும் அந்த ஆவேசத்தை எந்தத் தமிழ்த் தாயும் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்துகொள்வார்.

சாத்திரி ஒருவர், பிள்ளை தெற்குத் திசையில் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறார். தடுப்புக்காவலில் கண்டதாகச் சொல்லி வேறொருவர் பணம் கேட்கிறார். நம்பலாமா?

பணம் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்தும் காணியை விற்றும் இடைத்தரகர்களிடம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் ஏராளம். ஒருவர் உண்மையாகவே கண்டிருந்தால், குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு விவரத்தைப் பிள்ளையிடம் கேட்டுவந்து சொல்லட்டும். வீட்டுச் செல்லப்பெயரையோ உடம்பிலுள்ள தழும்பையோ சொல்லட்டும். மிரட்டிக் கேட்டால் சட்டத்தரணி ஒருவருடன் பொலிஸில் முறையிடுங்கள். சாத்திரம் கேட்கும் அம்மாவை ஏளனம் செய்யாதீர்கள். அரச அலுவலகங்கள் தராத விடையை அவர் அங்கே தேடுகிறார்.

காணாமற்போனமைச் சான்றிதழ் எடுத்தால் பிள்ளை இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகுமா?

ஆகாது. முன்பு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, மரணச் சான்றிதழ் எடுப்பது. பயங்கரவாதச் செயல்கள் அல்லது உள்நாட்டுக் குழப்பம் காரணமாகக் காணாமற்போய் ஓராண்டுக்கு மேலாகியும் தகவல் இல்லாதவர்களின் மரணத்தைப் பதிய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. மற்றது, எதையும் எடுக்காமல் வங்கிக் கணக்கு, காணி, பேரப்பிள்ளைகளின் பாதுகாவல் எல்லாவற்றையும் இழுபறியில் விடுவது. உடலையே காட்டாமல் மரணச் சான்றிதழை மட்டும் நீட்டியபோது ஆயிரக்கணக்கான பெற்றோர் அதை வாங்க மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரியே. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மூன்றாவது வழி ஒன்றைத் திறந்தது. அதன்படி வழங்கப்படும் காணாமற்போனமைச் சான்றிதழ், குறித்த நபர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் பதிவு செய்கிறது. அதை வைத்துக்கொண்டு நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், சொத்துகளைத் தற்காலிகமாக நிர்வகிக்கலாம். அதனால் தேடலோ விசாரணையோ முடிந்துவிடுவதில்லை. மரணச் சான்றிதழ் முன்பே எடுத்தவர்களும் அதை இதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022 இல் காணாமற்போனவரின் குடும்பத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு இலட்சம் ரூபாய் வழங்க அமைச்சரவை அனுமதித்தபோது, வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் அதை வெளிப்படையாக நிராகரித்தார்கள். "என் பிள்ளைக்கு விலை பேசுகிறார்கள்" என்று அவர்கள் சொன்னதில் உள்ள நியாயத்தை மதிக்கிறேன். வாடகைக்கும் இன்சுலினுக்கும் வழியில்லாத ஒரு முதியவர் உதவியை வாங்கினால், அவரையும் எவரும் குறை கூறக்கூடாது.

புதைகுழிச் செய்திகள் வரும்போதெல்லாம் அம்மா உடைந்துபோகிறார். மறைப்பதா, காட்டுவதா?

மறைக்க முடியாது. பேருந்திலோ கோவிலிலோ கேள்விப்பட்டு வந்து, நீங்கள் மறைத்தீர்கள் என்று உங்களையும் நம்பாமல் விட்டுவிடுவார். 2018 இல் மன்னார் நகர நுழைவாயிலில் 300 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தன. அடுத்த ஆண்டு, அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று அனுப்பிவைக்கப்பட்ட எலும்பு மாதிரிகளை 15 ஆம் நூற்றாண்டுக்கும் 17 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று அறிவித்தது. அந்த முடிவு பற்றிய வாதங்கள் தொடர்கின்றன. யாழ்ப்பாணத்தின் செம்மணியில் பலர் கொன்று புதைக்கப்பட்டார்கள் என்ற வாக்குமூலம் 1998 இல் நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2025 இல் அதே பகுதியிலுள்ள அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்தபோது சிறு குழந்தையின் எலும்புகளோடு பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொருளும் வெளிப்பட்டன, அடையாளம் காட்டுவதற்காகப் பொருள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

இத்தகைய நாள்களில் அம்மாவைத் தனியே தொலைக்காட்சியின் முன் விடாதீர்கள். செய்தியை நீங்களே முதலில் சொல்லுங்கள்: எந்த இடம், எந்தக் காலத்துக்குரியதாக இருக்கலாம், பிள்ளை காணாமற்போன இடத்தோடு தொடர்புண்டா என்று. பொருள்களைப் பார்க்கப் போக விரும்பினால் துணைக்குப் போங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். "அது அவனாக இருக்கக்கூடாது" என்றும் "அது அவனாக இருந்தாலாவது முடிந்துவிடும்" என்றும் ஒரே மூச்சில் அவர் சொல்லக்கூடும். இரண்டும் தாய்ப்பாசம்தான், எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

போராட்டங்களுக்கும் நினைவுநாள்களுக்கும் போவது துயரத்தைக் கூட்டாதா?

பெரும்பாலும் குறைக்கிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருக்கு அரசு விடை தரவில்லை. ஆனால் விளக்கம் சொல்லாமலே தங்களைப் புரிந்துகொள்ளும் இன்னொரு தாய் பக்கத்தில் கிடைத்தார். கொழும்பில் வாழும் பெற்றோருக்கு அந்தத் துணை குறைவு. அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் இந்தத் துயரத்தை வைத்திருப்பவர்கள் பலர், அச்சமும் அதற்கு ஒரு காரணம். 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட 11 பேரின் பெற்றோர், அந்த அச்சத்தையும் மீறி நீதிமன்றப் படிகளில் ஏறினார்கள். காணாமலாக்கப்பட்டோருக்கான ஓகஸ்ட் 30 சர்வதேச நாளிலும், ஒக்டோபர் 27 இல் சீதுவை ரத்தொளுவச் சந்தியிலுள்ள காணாமற்போனோர் நினைவுத்தூபி அருகிலும் தெற்கின் குடும்பங்கள் கூடுகின்றன. அங்கே போய்வந்த தமிழ்ப் பெற்றோர், கண்ணாடிச் சட்டமிட்ட பிள்ளையின் படம் ஒன்றை நெஞ்சோடு அணைத்திருக்கும் சிங்களத் தாயைக் கண்டதே தங்களுக்குப் பெரிய ஆறுதல் என்றார்கள்.

இந்தத் துயரம் சட்டத்தின் கண்ணிலும் வெறும் சோகமல்ல. ஐ.நா. மனித உரிமைக் குழு 1983 இல் உருகுவே நாட்டு வழக்கொன்றில், காணாமலாக்கப்பட்ட மகளைப் பற்றி அறியாமல் தாய் படும் வேதனையால் அவரும் உரிமை மீறலுக்கு ஆளானவரே என்று தீர்மானித்தது. இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்த, பலவந்தமாகக் காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச சமவாயமும் உண்மையை அறியும் உரிமை உறவினருக்கு உண்டு என்கிறது. ஆகவே கேட்டுக்கொண்டே இருக்கும் தாய் சலுகை எதையும் கேட்கவில்லை.

கொழும்பில் உதவிக்கு எங்கே போகலாம்?

தேடலுக்கு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகம், மனித உரிமைகள் ஆணைக்குழு, சர்வதேச செஞ்சிலுவைக் குழு. மனத்துணைக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம், ஹோர்ட்டன் பிளேஸில் இயங்கும் சுமித்ரயோ. "நானும் போய்விட்டால் நல்லது" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அதை வழக்கமான புலம்பல் என்று விடாமல் அன்றைக்கே அழையுங்கள். அண்மையில் பிள்ளை காணாமற்போயிருந்தால், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். உடனே பொலிஸ் நிலையத்தில் முறையிட்டு, 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

எங்களுக்கு வயதாகிவிட்டது. எங்களுக்குப் பிறகு யார் தேடுவார்கள்?

விடை கிடைக்காமலே கண்மூடிய பெற்றோர் ஏற்கெனவே பலர். ஆகவே இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வேண்டாம். காணாமற்போனோர் அலுவலகத்தின் சட்டம் சம்பவம் நடந்த காலத்துக்கு எல்லை வைக்கவில்லை. முறைப்பாட்டைச் சகோதரரோ வேறு உறவினரோ தொடரலாம். அதற்கு விருப்பமா என்று உங்கள் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேளுங்கள். சுமக்க முடியாது என்பவரை விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவர் முன்வரலாம், வெளிநாட்டிலுள்ள மருமகன் முன்வரலாம்.

பிள்ளையின் உயரம், பல் கட்டிய விவரம், எப்போதோ முறிந்து பொருந்திய எலும்பு, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, கடைசியாகக் கண்டவரின் பெயர் ஆகியவற்றை உங்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். மரபணு ஒப்பீட்டுக்குத் தாய் தகப்பன் இருவரின் மாதிரிகளும் மிகப் பயனுள்ளவை என்பதால், அவற்றைக் கொடுத்துவைப்பது பற்றி அலுவலகத்திலும் சட்டத்தரணியிடமும் விசாரியுங்கள். முறைப்பாட்டுப் பிரதிகள், ஆணைக்குழுக் கடிதங்கள், அடையாள அட்டைப் பிரதி, பின்புறம் பெயரும் திகதியும் எழுதிய படங்கள் எல்லாவற்றையும் இரண்டு கோப்புகளாக்கி, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறோர் ஊரிலோ நாட்டிலோ இருக்கும் நம்பிக்கையானவரிடமும் வையுங்கள். எந்த முறைப்பாட்டு இலக்கத்தை எந்த அலுவலகம் தந்தது என்பதை முதல் தாளிலேயே குறித்துவிடுங்கள்.